படித்து முடிக்கக்கூடிய ஜப்பானியப் புத்தகம் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

ஜப்பானிய மொழி படிக்கும் வாசகர்கள் கதைப்புத்தகத் தேர்வு பற்றி எழுதிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: 'மின்னா நோ நிஹொங்கோ' பாடநூலில் முதல் பாகத்தின் 25 பாடங்களை முடித்துவிட்டேன். ஹிராகானா, கட்டகானா (இரண்டும் ஒலியெழுத்துகள்) சரளம். கான்ஜி (சீனத்திலிருந்து வந்த பொருளெழுத்து) நூற்றைம்பது தெரியும். ஆனாலும் கதைப்புத்தகம் எடுத்தால் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் எடுத்தது ஜப்பானியர்களுக்காக ஜப்பானியர் எழுதிய கதையாகத்தான் இருக்கும். 25 பாடத்தை வைத்துக்கொண்டு அதில் இறங்கினால் யாரானாலும் முதல் பக்கத்தில்தான் நிற்பார்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது 'தடோக்கு' நூல்கள். தடோக்கு என்றால் நிறையப் படிப்பது. மொழி கற்பவர்களுக்கென்றே சொல்லளவைக் கட்டுப்படுத்தி, கான்ஜி எல்லாவற்றுக்கும் பக்கத்தில் உச்சரிப்பை (இதுதான் ஃபுரிகானா) அச்சிட்டு வரும் மெல்லிய கதைகள் இவை.

ஜப்பானில் இதற்கென்றே இயங்கும் லாபநோக்கற்ற அமைப்பு ஒன்று, இந்த நூல்களை 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறது. 0, 1 படிகளில் கதைக்குப் பயன்படும் வெவ்வேறு சொற்கள் 350-க்குள் அடங்கும். 2-ஆம் படிக்கு 500, 3-க்கு 800, 4-க்கு 1,300, 5-க்கு 2,000 சொற்கள். முதல் படிக் கதை ஒன்றின் நீளம் 400 முதல் 1,500 எழுத்து. நான்காம் படிக்குப் போனால் 5,000 முதல் 10,000 எழுத்து. இணையத்தில் 'தடோக்கு' என்று தேடினால் அந்த அமைப்பின் தளம் வரும். பல நூல்களை அங்கேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆஸ்க் பதிப்பகம் இதே படிவரிசையில் அச்சு நூல்களைப் பெட்டி பெட்டியாக விற்கிறது. அவற்றுக்கு ஒலிப்பதிவும் உண்டு.

அந்த அமைப்பு சொல்லும் விதிகள் நான்கு. எளியதிலிருந்து தொடங்கு. அகராதியைப் பார்க்காதே. புரியாததைத் தாண்டிப் போ. ஓடவில்லையா, அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு வேறு எடு. இரண்டாவது விதியைத்தான் எல்லோரும் மீறுகிறார்கள். 0, 1 படிகளில் படமே பாதிக் கதையைச் சொல்லிவிடும் என்பதால் அங்கே அகராதி உண்மையிலேயே தேவையில்லை.

பெரும்பாலானோர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. தேர்வுச் சான்றிதழைப் பார்த்துப் படியைத் தேர்ந்தெடுப்பது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 (என்5 தொடக்கம், என்1 உச்சம்) தேறியவர் கௌரவத்துக்காக 3-ஆம் படியில் தொடங்குகிறார், இரண்டே கதையில் சோர்ந்துவிடுகிறார். தேர்வில் ஒரு பத்தியை நான்கு முறை திரும்பிப் படித்து விடை எழுதலாம். கதையை அப்படிப் படிக்க முடியாது. உங்களுக்குப் பொருந்தும் என்று தோன்றுவதைவிட இரண்டு படி கீழே தொடங்குங்கள். உங்கள் நிலையில் 0-வில் பத்துக் கதை, 1-இல் இருபது கதை, பிறகு 2. கதைகள் பல சப்பென்று இருக்கும், அதை மறைப்பதற்கில்லை. சப்பென்று இருப்பதைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால் போயிற்று.

கேள்வி: மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கான படப்புத்தகம் இன்னும் எளிதாக இருக்காதா?

பதில்: இருக்காது. நான்கு வயது ஜப்பானியக் குழந்தைக்குத் தாய்மொழிச் சொற்கள் ஆயிரக்கணக்கில் தெரியும். எழுத்துத்தான் தெரியாது. உங்களுக்கு நிலைமை நேர் எதிர்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். முதலாவது, கான்ஜி இல்லாமை. 'ஹஹா வா ஹா கா ஜோபு' (அம்மாவுக்குப் பல் உறுதி) என்ற வாக்கியத்தை முழுக்க ஹிராகானாவில் எழுதினால், நடுவில் வரும் 'வா' உருபையும் 'ஹா' எழுத்தில்தான் எழுதுவதால், 'ஹா' என்ற ஒரே எழுத்து நான்கு முறை அடுத்தடுத்து நிற்கும். அம்மா எங்கே முடிகிறாள், பல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கான்ஜி போட்டு எழுதினால் ஒரே பார்வையில் பிரிந்துவிடும். குழந்தை நூல்களில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவார்கள்தான். ஆனாலும் 'காமி' என்று இருந்தால் காகிதமா, தலைமுடியா, கடவுளா என்று நீங்கள்தான் ஊகிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒலிக்குறிப்புச் சொற்களும் பழங்காலத்துச் சாமான்களும். மொமொதாரோ கதையில் தாத்தா மலைக்குச் சுள்ளி பொறுக்கப் போகிறார். ஆற்றில் பீச் பழம் 'தொன்புராக்கோ தொன்புராக்கோ' என்று மிதந்து வருகிறது. அந்தச் சொல் அந்தக் கதைக்கு வெளியே அநேகமாகக் காதில் விழவே விழாது. தொடக்க நிலையில் அதை மனப்பாடம் செய்து என்ன பயன்?

குழந்தை நூல்தான் வேண்டுமென்றால் கதையை விட்டுவிட்டு அறிவியல் பக்கம் போங்கள். காக்கென் பதிப்பகத்தின் 'நாஸே? தோஷ்தே?' வரிசை (ஏன்? எதனால்?) வகுப்புவாரியாக வருகிறது. வானம் ஏன் நீலம், கொட்டாவி ஏன் வருகிறது என்று கேள்விக்கு இரண்டு மூன்று பக்கம். பாடப்புத்தகத்தில் பார்த்த அதே மரியாதை நடை. பதிலில் பாதி உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்பதால் தெரியாத சொல்லும் பிடிபட்டுவிடும்.

கேள்வி: மாங்கா (ஜப்பானியப் படக்கதை) படித்தால் மொழி கெட்டுவிடும் என்கிறார் என் ஆசிரியர். உண்மையா? எதைப் படிக்கலாம்?

பதில்: படிப்பதால் கெடாது. படித்ததை அப்படியே அலுவலகத்தில் பேசினால் கெடும். 'நான்' என்பதற்குக் கொள்ளைக்காரன் பேசுகிற 'ஓரே', கிழவர் பேசுகிற 'வாஷி... ஜா' எல்லாம் கதாபாத்திரத்துக்கு மாட்டிவிட்ட வேஷம். கேட்டுப் புரிந்துகொள்ளலாம், நாம் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

வாங்குமுன் ஃபுரிகானா இருக்கிறதா என்று பாருங்கள். சிறுவர், சிறுமியர் இதழ்களில் வரும் தொடர்களில் பொதுவாக எல்லாக் கான்ஜிக்கும் ஃபுரிகானா இருக்கும். பெரியவர்களுக்கான 'செய்னென்' இதழ்களின் தொடர்களில் பெரும்பாலும் இருக்காது. ஃபுரிகானா உள்ள நூலிலும் இரண்டு பொறிகள் உண்டு. பேச்சுக் குமிழிக்கு வெளியே கையால் கிறுக்கிய சின்ன எழுத்துகளுக்கு உச்சரிப்பு போட மாட்டார்கள். விட்டுவிடுங்கள், கதைக்கு நஷ்டமில்லை. இன்னொன்று, சில ஆசிரியர்கள் 'பிரபஞ்சம்' என்ற கான்ஜியை எழுதி அதன் பக்கத்தில் 'சொரா' (வானம்) என்று உச்சரிப்புப் போடுவார்கள். அது அந்தக் கதைக்கான அலங்காரம். அட்டையில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள்.

பாடப்புத்தகத்தோடு வருகிறவரை மாங்காவில் தடுக்கி விழ வைப்பது கான்ஜியைவிடப் பேச்சுவழக்குச் சுருக்கம்தான். 'தே ஷிமாவ்' என்பது 'ச்சாவ்' ஆகும். 'தே ஓக்கு' என்பது 'தோக்கு'. 'நகெரெபா' என்பது 'நக்யா'. 'வகரானாய்' என்பது 'வகன்னாய்'. 'ஸுகோய்' என்பது 'ஸுகே'. 'தோ யூ' என்பது 'த்தே'. இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால், அகராதியில் இல்லாத சொல் என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

பெயர் சொல்லிப் பரிந்துரைக்க வேண்டுமானால், அஸுமா கியோஹிக்கோவின் 'யொட்சுபாத்தோ'. 2003-இல் தொடங்கிய தொடர். ஐந்து வயதுச் சிறுமியின் அன்றாடம்: பக்கத்து வீடு, கடை, மழை, சைக்கிள். சொற்கள் எல்லாம் வீட்டுச் சொற்கள், படம் முழுசாகத் துணைநிற்கும். எதை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று கேட்டால், துப்பறியும் கோனன். ஃபுரிகானா உண்டுதான், ஆனால் குமிழிக்குக் குமிழி தடயம், சாட்சியம், மரண நேரம் என்று பத்தி பத்தியாக விளக்கம் வரும். நான்கு கட்டத் துணுக்கு மாங்காவும் சின்னதாக இருப்பதால் ஆசை காட்டும். நாலாவது கட்டத்தில் சிலேடை புரியாவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: வாங்குவதற்கு முன்பே ஒரு நூல் நமக்குக் கட்டுப்படியாகுமா என்று அளந்து பார்க்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஜப்பானிய இணையக் கடைகளில் 'தமேஷியோமி' என்ற பொத்தான் இருக்கும். முதல் சில பக்கங்களை அதில் இலவசமாகப் படிக்கலாம். கூடுமானவரை கடைசியில் தருகிற பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் ஊர் வர்ணனையும் வானிலையும்தான் இருக்கும். அதை வைத்து நூலை எடைபோட்டால் ஏமாறுவீர்கள்.

கணக்கு இதுதான். புன்கோ எனப்படும் கையடக்கப் பதிப்பு ஏ6 அளவு, அதாவது 105 × 148 மி.மீ. அதன் நிறைந்த பக்கம் ஒன்றில் சுமார் 600 எழுத்து, ஏறக்குறைய 300 சொல். ஒரு பக்கத்தை அகராதி இல்லாமல் படித்து, தெரியாத சொல்லுக்கெல்லாம் தனித்தாளில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். ஒரே சொல் மறுபடி வந்தால் எண்ண வேண்டாம். ஆட்பெயர், ஊர்ப்பெயர் எண்ண வேண்டாம். புள்ளி ஆறுக்குள் இருந்தால் ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியவில்லை, அகராதியின்றியே ஓடும். பதினைந்து வரை போனால் இருபதுக்கு ஒன்று. அகராதியோடும் கதைமேல் ஆசையோடும் முடித்துவிடலாம். முப்பதைத் தாண்டினால் அலமாரியில் வையுங்கள், அடுத்த வருடம் பார்க்கலாம்.

இன்னொரு குறியும் போடுங்கள். எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தும் வாக்கியம் பிடிபடவில்லை என்றால் அதே தாளில் ஒரு கோடு. பக்கத்துக்கு மூன்று கோட்டுக்கு மேல் விழுந்தால் உங்கள் சிக்கல் சொல் இல்லை, இலக்கணம். எத்தனை அகராதி வைத்திருந்தாலும் அதற்கு உதவாது. ஒரு மாதம் இலக்கண நூலுக்குத் திரும்புவதுதான் குறுக்குவழி.

நீளத்தையும் யோசியுங்கள். சாதாரண நாவல் ஒன்று சுமார் ஒரு லட்சம் எழுத்து. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 100 எழுத்து படித்தீர்களென்றால் 1,000 நிமிடம், கிட்டத்தட்ட 17 மணி நேரம். தினம் அரைமணி என்றால் ஒரு மாதத்துக்கு மேல் ஒரே கதை. முதல் நூல் இருபது, முப்பதாயிரம் எழுத்துக்குள் இருந்தால் முடிப்பதற்கான வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் தனித்தனிக் கதைகளாக முடிகிற தொகுப்பாக இருக்கட்டும்.

கேள்வி: தடோக்கு 3-ஆம் படி வரை முடித்தாகிவிட்டது. நிஜமான முதல் நாவல் எது?

பதில்: ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனி 'புன்கோ' வரிசைகள் உண்டு. கோதன்ஷாவின் அவோய் தோரி புன்கோ 1980 முதல் வருகிறது. கடோகாவாவின் ட்சுபாஸா புன்கோ 2009-இல் தொடங்கியது, ஷுவெய்ஷாவின் மிராய் புன்கோ 2011-இல். பெயர் புன்கோதான், அளவு சற்றுப் பெரியது, எழுத்தும் பெரியது. பின்னட்டையைத் திருப்பினால் 'ஷோகாக்கு சூக்யூ காரா' (தொடக்கப்பள்ளி நடு வகுப்புகளிலிருந்து) அல்லது 'ஜோக்யூ காரா' (மேல் வகுப்புகளிலிருந்து) என்று அச்சிட்டிருக்கும். முதல் நூலுக்கு 'சூக்யூ' போதும். தேடும்போது 'சோருபி' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் கான்ஜிக்கும் உச்சரிப்பு உண்டு என்பதற்கு அவர்கள் சொல்லும் பெயர் அது.

இனி, நூல்கள். ஹிரோஷிமா ரெய்கோவின் 'ஃபுஷிகி தகாஷியா ஸெனிதெந்தோ' 2013 முதல் கய்செய்ஷா வெளியீடாக வருகிறது. மாய மிட்டாய்க் கடை ஒன்று. அத்தியாயத்துக்கு ஒரு வாடிக்கையாளர், ஒரு மிட்டாய், அதனால் வரும் வினை. ஒவ்வொரு கதையும் ஒரே அமைப்பில் நடப்பதால் மூன்றாவது கதையிலேயே வேகம் கூடிவிடும். கடைக்கார அம்மாள் வாக்கியத்துக்கு வாக்கியம் 'கொஸான்ஸு' என்று முடிப்பார். அது 'கொஸாய்மாஸு'வின் பழங்காலத்துச் சாயல், அவ்வளவுதான். அதற்காக இலக்கண நூலைப் புரட்ட வேண்டாம்.

கதோனோ எய்கோவின் 'மஜோ நோ தக்யூபின்' 1985-இல் ஃபுகுயின்கான் வெளியிட்டது. பதின்மூன்று வயதுச் சூனியக்காரச் சிறுமி கீக்கி துடைப்பத்தில் பறந்து பொருள்களைக் கொண்டுசேர்க்கும் கதை. 1989 திரைப்படத்தைப் பார்த்தவருக்கு முதல் அத்தியாயங்கள் லேசாக இருக்கும். அதற்குப் பிறகு நூல் தன்போக்கில், ஒரு பொட்டலத்துக்கு ஓர் அத்தியாயம் என்று போகிறது. இதில் சிரமம் ஹிராகானா. கான்ஜியில் பார்த்துப் பழகிய சொல்லை இங்கே ஹிராகானாவில் பார்த்தால் சட்டென்று பிடிபடாது. வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

பெரிய பிள்ளைகளின் கதை வேண்டுமென்பவர்களுக்கு ஒரு தந்திரம். பெரியவர்களுக்காக வந்து நன்றாக விற்ற நாவலைப் பதிப்பகங்கள் ஃபுரிகானா சேர்த்துச் சிறுவர் வரிசையிலும் வெளியிடுவார்கள். ஷின்கய் மகோதோவின் 'கிமி நோ நா வா' கடோகாவா புன்கோவிலும் இருக்கிறது, ட்சுபாஸா புன்கோவிலும் இருக்கிறது. 2018-இல் புத்தகக் கடைக்காரர்கள் தேர்ந்தெடுக்கும் ஹொன்யா விருது பெற்ற ட்சுஜிமுரா மிஸுகியின் 'ககாமி நோ கொஜோ'வுக்கும் பொப்லார் பதிப்பகத்தின் சிறுவர் வரிசைப் பதிப்பு உண்டு. ஒரே தலைப்பில் மாங்காவும் இருக்கும், கவனம். அட்டையில் 'ஷோசெட்சு' (நாவல்) என்றிருக்கிறதா, எந்த வரிசை என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கேள்வி: சொல்லும் தெரிகிறது, இலக்கணமும் தெரிகிறது. ஆனால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை!

பதில்: தமிழருக்கு இது கட்டாயம் வருகிற சிக்கல். ஏன் என்று பார்ப்போம்.

வாக்கிய வரிசையில் நமக்கு அதிர்ஷ்டம். 'கினோ எகி நோ மாயே தே அத்தா ஹிதோ கா குரெத்தா ஹோன் ஓ மாதா யோன்தே இனாய்.' இதை அப்படியே வரிசை மாறாமல் 'நேற்று ஸ்டேஷன் முன்னால் சந்தித்த ஆள் தந்த புத்தகத்தை இன்னும் படிக்கவில்லை' என்று சொல்லிவிடலாம். பெயருக்கு முன்னால் எவ்வளவு நீளமாக அடைமொழி வந்தாலும் நமக்கு மூச்சு முட்டாது.

எழுவாயை விட்டுவிடுவதும் இரு மொழிக்கும் பழக்கம். ஆனால் தமிழில் 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தேன்' என்று வினையின் வாலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானியத்தில் 'கிதா' என்றால் யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். வாலைத் தேடிப் பழகிய கண் அங்கே வெறுங்கையோடு திரும்புகிறது.

தேட வேண்டிய இடங்கள் வேறு. கொடுக்கல் வாங்கல் வினைகளை முதலில் பாருங்கள். 'குரெரு' என்றால் கொடுப்பது என் பக்கம் வருகிறது. 'அகெரு' என்றால் என் பக்கத்திலிருந்து போகிறது. 'யோந்தே குரெத்தா' என்றால் எனக்காகவோ என்னைச் சேர்ந்தவருக்காகவோ வேறொருவர் படித்தார். மரியாதை வினை வந்தால் பேசுபவர் செய்யவில்லை, மேலிடத்தவர் செய்தார். பணிவு வினை வந்தால் பேசுபவரே செய்தார். உரையாடலில் 'போகு', 'ஓரே', 'வாதாஷி', 'அதாஷி' என்று தன்னைக் குறிக்கும் சொல் ஆளுக்கு ஆள் வேறுபடும். முதல் அத்தியாயத்தில் யார் எதைச் சொல்கிறார் என்று குறித்துக்கொண்டால், 'என்றான்', 'என்றாள்' இல்லாமல் இரண்டு பக்கம் ஓடும் பேச்சிலும் ஆளைப் பிடித்துவிடலாம்.

பெயர்களுக்கும் ஒரு சீட்டு வேண்டும். பெரியவர்கள் நாவலில் ஆட்பெயரின் உச்சரிப்பை முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் போடுவார்கள். நாற்பதாம் பக்கத்தில் மறந்துபோனால் தேடிப் பின்னால் ஓட வேண்டும். புத்தகக்குறி அட்டையில் பெயர், உச்சரிப்பு, உறவு, தன்னைச் சொல்லும் சொல் என்று நான்கு விவரம் எழுதிவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம்.

கேள்வி: தெரியாத ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரே அத்தியாயத்தில் மூன்றாம் முறை எதிரே வந்து நின்றால் பாருங்கள். ஒரே முறை வந்தாலும் அது தெரியாமல் கதை நின்றுபோனால் பாருங்கள். மற்றதை விடுங்கள்.

கேள்வி: ஃபுரிகானாவோடு படித்தால் கான்ஜி மனதில் நிற்பதில்லையே. கண் ஃபுரிகானாவுக்குத்தான் போகிறது. முதலில் 2,136 கான்ஜியையும் முடித்துவிட்டுப் படிக்கத் தொடங்கட்டுமா?

பதில்: அன்றாடப் பயன்பாட்டுக்கான ஜோயோ பட்டியலில் 2,136 இருப்பது உண்மை. அதை முடிக்கும்வரை காத்திருந்தால் படிக்கும் ஆசை முதலில் முடிந்துவிடும். ஜப்பானில் முதல் மூன்று வகுப்புகளுக்கு 80, 160, 200 என்று மொத்தம் 440 கான்ஜிதான். அந்த 440-ஐ வைத்துக்கொண்டே பிள்ளைகள் தடித்த கதைகள் படிக்கிறார்கள், ஃபுரிகானா துணையோடு.

கண் அங்கே போவது பற்றி: ஓர் அத்தியாயத்தை ஃபுரிகானாவோடு படித்த கையோடு, அதன் கடைசி இரண்டு பக்கத்தை மறுபடி படியுங்கள். செங்குத்து அச்சில் ஃபுரிகானா கான்ஜிக்கு வலப்பக்கம் நிற்கும். ஒரு மெல்லிய அட்டையை வரிக்கு வரி வலமிருந்து இடமாக நகர்த்திக்கொண்டே அதை மறைக்கலாம். மின்னூலில் சில வாசிப்பான்களில் ஃபுரிகானாவை மறைக்கும் வசதியே இருக்கிறது. முழு நூலையும் இப்படிப் படிக்க வேண்டாம், அலுத்துவிடும்.

கேள்வி: கிண்டிலில் ஜப்பானிய நாவல் வாங்கினேன். சொல்லைத் தொட்டால் அகராதி வரவில்லை. கருவியில் கோளாறா?

பதில்: கோளாறு கருவியில் இல்லை. நீங்கள் வாங்கியது 'கோத்தெய் ரெயவ்தோ', அதாவது நிலையான பக்க அமைப்புள்ள பதிப்பு. பக்கங்கள் படமாகவே உள்ளே இருக்கும். எழுத்தைப் பெரிதாக்க முடியாது, சொல்லைத் தேட முடியாது, அகராதியும் வராது. மாங்கா எல்லாமே இப்படித்தான். படம் நிறைந்த சிறுவர் நூல்களும் இலக்கணப் புத்தகங்களும் பெரும்பாலும் இப்படித்தான். நூலின் விற்பனைப் பக்கத்தில் விவரிப்பின் தொடக்கத்திலேயே இந்தச் சொல்லும், கோடிடுதல், தேடல், அகராதி வேலை செய்யாது என்ற குறிப்பும் இருக்கும். இலவச மாதிரியை முதலில் இறக்கி ஒரு சொல்லைத் தொட்டுப் பார்த்தால் பணம் போகாது.

அமேசானின் ஜப்பான் கடையில் வாங்கியதும் வேறு நாட்டுக் கடையில் வாங்கியதும் வெவ்வேறு கணக்கில் இருந்தால், ஒரே கிண்டிலில் ஒரே நேரத்தில் இரண்டும் இருக்காது. கருவி ஒரு கணக்கில்தான் பதிவாகும். ஜப்பானியத்துக்கென்று பழைய கருவி ஒன்றை ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு, நல்ல யோசனைதான்.

கணினியில் படிப்பவர் என்றால், உலாவியில் யோமிட்டான் நீட்சியை நிறுவி, அகராதிக் கோப்பை அதனுள் ஏற்றிவிடுங்கள். வலைப்பக்கத்தில் எந்தச் சொல்லின் மேல் சுட்டியை வைத்தாலும் உச்சரிப்பும் பொருளும் வரும். நிறுவிய பிறகும் ஒன்றும் வரவில்லையே என்பவர்கள் அநேகமாக அகராதிக் கோப்பை ஏற்றாமல் விட்டவர்கள். நீட்சி வெறும் கூடுதான், அகராதி தனி.

கேள்வி: காசு செலவில்லாமல் இலக்கியம் படிக்க வழி?

பதில்: அவோஸோரா புன்கோ. 1997-இல் தொடங்கிய மின்நூலகம், காப்புரிமை முடிந்த படைப்புகள் அங்கே இலவசம். ஜப்பானில் 2018 டிசம்பர் 30 அன்று காப்புரிமைக் காலம் ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டு என்பதிலிருந்து 70 ஆண்டாக நீண்டது. ஆகவே 1967 அல்லது அதற்கு முன் மறைந்த எழுத்தாளர்கள்தான் அங்கே பெரும்பான்மை. எல்லாம் பழைய காலத்து எழுத்து என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு விவர அட்டை இருக்கும். அதில் எழுத்துமுறை என்ற இடத்தில் 'ஷின்ஜி ஷின்கானா' என்றிருப்பதை மட்டும் எடுங்கள்; புதிய கான்ஜி, புதிய கானா எழுத்துமுறை. 'க்யூஜி க்யூகானா' என்றிருந்தால் 1946 சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்துமுறை. அதில் 'யூ' (சொல்) என்ற வினையை 'இ-ஃபு' என்று எழுதியிருப்பார்கள். ஒரே கதை இரண்டு வடிவிலும் இருப்பது உண்டு, தவறான வடிவில் கையை வைத்துவிட்டு மொழியே மறந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

உலாவியிலேயே திறந்தால் ஃபுரிகானா உரிய இடத்தில் வரும். உரைக்கோப்பாக இறக்கினால் இரட்டைக் கோண அடைப்புக்குள் வரியோடு வரியாக வரும். எழுத்துகள் குப்பைக் குறிகளாகத் தெரிந்தால் கோப்பை ஷிஃப்ட்-ஜிஸ் குறிமுறையில் திறக்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

முதலில் நீமி நான்கிச்சி (1913–1943). 'தெபுகுரோ ஓ கைனி' என்ற கதையில் குட்டி நரி கையுறை வாங்கக் கடைக்குப் போகிறது. சில பக்கம்தான். அடுத்து அவரே எழுதிய 'கோன் கிட்சுனே'. ஜப்பானியப் பிள்ளைகள் நான்காம் வகுப்பில் படிக்கிற கதை. அகுதாகாவாவின் 'குமோ நோ இதோ' (1918) மூன்றே சிறு பகுதி, நடை மட்டும் சற்று உயர்ந்தது. மியாஸாவா கென்ஜியைத் தள்ளிவையுங்கள். அருமையான எழுத்தாளர்தான். ஆனால் அவரே கண்டுபிடித்த ஒலிக்குறிப்புகளும் இவாத்தே வட்டார வழக்கும் கற்பவரைத் திணறடிக்கும்.

கேள்வி: ஏற்கெனவே மொழிபெயர்ப்பில் படித்த நாவலையே ஜப்பானியத்தில் படிப்பது ஏமாற்று வேலையா?

பதில்: ஏமாற்று இல்லை, சலுகை. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் மொழிபெயர்ப்பை விரித்துவைத்து வரிக்கு வரி ஒத்துப்பார்ப்பது மட்டும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தை உடைத்திருப்பார், சேர்த்திருப்பார். நீங்கள் எது தப்பு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: சிறுவர் கதை போதும் போதும் என்றாகிவிட்டது. பெரியவர்கள் புத்தகத்தில் எளியது எது?

பதில்: ஹோஷி ஷினிச்சியிடம் போங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிகச் சிறிய கதைகள் எழுதியவர். 'பொக்கோ-சான்' என்ற ஷின்சோ புன்கோ தொகுப்பில் அவரே தேர்ந்த 50 கதைகள். பல கதைகள் ஐந்தாறு பக்கத்தில் முடிகின்றன. கதாநாயகன் பெயர் பெரும்பாலும் 'என் ஷி', அதாவது 'என்' (N) என்ற ஆங்கில எழுத்துத்தான். பெயர் உச்சரிப்புத் தொல்லையே இல்லை. காலத்தோடு பழசாகிவிடும் சொற்களை அவர் திட்டமிட்டே தவிர்த்தார் என்பது நமக்குப் பெரிய உதவி. ஆனால் கதையின் முடிச்சு கடைசி இரண்டு வரியில் இருக்கும். அந்த இரண்டு வரியில் மட்டும் தெரியாத சொல் ஒவ்வொன்றையும் அகராதியில் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கதையே கை நழுவும்.

அடுத்து முராதா சயாக்காவின் 'கொன்பினி நிங்கென்'. 2016-இல் அகுதாகாவா விருது பெற்றது. கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் தன்கூற்று, நீளமும் குறைவு. கடை வேலைச் சொற்கள் முதல் இருபது பக்கத்தில் கொட்டும். அவற்றை அங்கேயே குறித்துக்கொண்டால் மீதிப் பக்கங்களில் அதே சொற்கள்தான் சுற்றிச் சுற்றி வரும்.

துப்பறியும் கதைப் பிரியர்களுக்கு ஹிகாஷினோ கெய்கோ. வாக்கியங்கள் குட்டையானவை, உரையாடல் அதிகம், அடுத்து என்ன என்ற உந்துதல் அகராதி அலுப்பைத் தள்ளிவிடும். ஆனால் ஃபுரிகானா குறைவு, காவல்துறைச் சொற்கள் உண்டு. என்2 நெருங்கியவர்களுக்குச் சரி. வேற்றுலகம் போகும் இளைஞர் நாவல்களை எளிது என்று நம்பி வாங்காதீர்கள். மந்திரம், படை, பதவிப் பெயர்கள் என்று அரிய கான்ஜி அங்கேதான் குவிந்திருக்கும்.

ஆசிரியர் ஒருவர் பிடித்துவிட்டால் அவருடைய அடுத்த நூலையே எடுங்கள், அல்லது அதே தொடரின் அடுத்த பாகத்தை. ஒருவர் புழங்கும் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் நூலில் பக்கத்துக்குப் பதினைந்து புள்ளி வைத்தவர் இரண்டாவதில் பத்தோடு நிற்கக்கூடும்.

கேள்வி: பழைய புத்தகமாக வாங்கினேன். கதை நடுவில் தொடங்குவது போல இருக்கிறது. அட்டையில் எண் எதுவும் இல்லை.

பதில்: அட்டையில் தலைப்புக்குக் கீழே ஒற்றைக் கான்ஜி இருக்கிறதா பாருங்கள். ஜப்பானில் இரண்டு பாக நாவலுக்கு எண் போடாமல் 'ஜோ' (மேல்), 'கே' (கீழ்) என்று போடுவார்கள். மூன்று பாகம் என்றால் நடுவில் 'சூ'. உங்களிடம் இருப்பது 'கே'. 'ஜோ'வைத் தேடி வாங்குங்கள். வாங்கும்போது அதே பதிப்பகம், அதே வரிசைதானா என்று பாருங்கள். பெரிய அளவுப் பதிப்பில் ஒரே பாகமாக வந்த நாவல் புன்கோவில் இரண்டாகப் பிரிவது உண்டு.